மகளின் வருங்கால மாமியாரும் என் ஸ்பானிஷும்

மகள் தான் விரும்பும் பையனைப் பற்றிச் சொன்னபோது எனக்கு வந்த முதல் கவலை, அவனுடைய தாயோடு எப்படிப் பேசுவது என்பதுதான். அவர்கள் கொலம்பியாவிலிருந்து வந்தவர்கள்.

"அவவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் அம்மா. நாங்கள் ட்ரான்ஸ்லேட் பண்ணுவம், டோன்ட் வொறி" என்றாள் மகள்.

பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டே காலம் முழுக்க உறவு கொண்டாட முடியுமா? போனில் ஒரு செயலியை இறக்கி, "பூனை பால் குடிக்கிறது" என்று ஸ்பானிஷில் படிக்கத் தொடங்கினேன்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு மரக்கறி வெட்டுபவரும் கொலம்பியப் பெண்தான். என் பூனையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தன் ஊர்ச் சனம் உண்மையில் பேசுகிற சொற்களைச் சொல்லித் தந்தார். எது நன்றாக இருந்தாலும் "ச்சேவெரே". சாப்பிடுகிறவரைப் பார்த்தால் "புரோவேச்சோ". ஏதாவது பிழை விட்டால் "கே பேனா". ஐயோ, வெட்கமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். கரட் வெட்டி முடிவதற்குள் ஒவ்வொன்றையும் இருபது தடவை சொல்ல வைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா அவனோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் படித்ததெல்லாம் மறந்துபோனது. குளிரைப் பற்றிப் பிள்ளைகள் மொழிபெயர்த்தார்கள். அதற்குப் பிறகு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

கோழிக்கறியில் உறைப்பைக் குறைத்திருந்தேன். ஆனால் பொரித்து வைத்த மோர்மிளகாயை அவர் சிப்ஸ் என்று நினைத்து முழுதாகக் கடித்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. தண்ணீரோடு ஓடிப்போய், "கே பேனா! கே பேனா!" என்று கத்தினேன்.

இருமலுக்கு நடுவே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் வாய் திறந்துகொண்டது. கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் புரோவேச்சோ சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் என்னையும் தன்னையும் மாறிமாறிக் காட்டி, "கொன்சுவெக்ரா" என்றார்.

மகள் திணறினாள். "உதுக்கு இங்கிலிஷில வேர்ட் இல்லையம்மா. பெடியன்ர அம்மாவும் பொம்பிளையின்ர அம்மாவும்... என்னெண்டு சொல்லுறது?"

"சம்பந்தி! எங்களிட்டை இருக்கு" என்றேன்.

"சம்-பந்-தி" என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல் எங்கள் இருவரிடமும் இருந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆவணியில் கல்யாணம். போன சனிக்கிழமை அவருக்குச் சேலை எடுக்க இரண்டு பேரும் தனியாகத்தான் போனோம், பிள்ளைகளைக் கூப்பிடவில்லை. மாம்பழ நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, அவர் ஏதோ ஒரு சொல் சொன்னார். எனக்குத் தெரியாத சொல். திரும்பச் சொல்லும்படி கையைக் காட்டினேன்.