ஃப்ரீசரில் கிடந்த கல்யாணம்

தங்கையின் கல்யாண வீடியோ, போட்டோ முழுவதும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. பிரான்சுக்குப் போகும்போது, நான் தொலைத்துவிடுவேன், நீயே வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தலத்தெருவில் எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில், அம்மா அப்பா கல்யாணத்தைப் பார்க்கவேண்டும் என்று அங்கிருந்து போனில் அவள் மகள் அடம்பிடித்தாள். எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. வயரை மாற்றினேன், வேறு ஓட்டையில் சொருகினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பல்லி நிறுத்தவில்லை. சகுனம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று கொஞ்சம் பார்த்தேன்.

என் கணவர் எங்கோ வீடியோ பார்த்துவிட்டு, ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்றார். கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் மீன் எடுக்கத் திறந்தால், வஞ்சிரத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் பையில் தங்கையின் கல்யாணம் விறைத்துக் கிடந்தது.

அவரிடம் அப்போது பேசியதை எல்லாம் எழுத முடியாது. அவரே அதைத் துடைத்து, ஈரம் போகும்வரை ஃபேனுக்கடியில் வைத்துக் காவல் காத்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் பழைய கம்ப்யூட்டரின் துணி உறையை எடுத்துவிட்டு, அதன் பின்பக்கம் சொருகிப் பார்த்தேன். டிஸ்க் திறந்துகொண்டது. ஃப்ரீசர் வேலை செய்திருக்கிறது என்றார் அவர்.

வீடியோ கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆவது நத்தை வேகம். நடுவே மறுபடி அந்தச் சத்தம். எது மிஞ்சுமோ தெரியாது என்று தங்கையை வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"கோயில்ல தாலி கட்டுறத முதல்ல எடுக்கவா?"

"பந்தியை எடுக்கா. அம்மா அதுலதான் இருக்காங்க."

எங்கள் அம்மா பேத்தி பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். பந்தி முழுசாக வந்தது. அடுத்து தாலி கட்டுவதைத் தொட்டதும் டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது. ரிப்பேர் கடையிலும் கைவிரித்துவிட்டார்கள்.

வந்த பாகத்தில், கேமராக்காரரைப் பார்த்து அம்மா கையை ஆட்டுகிறார்: "என்னை எதுக்குப்பா எடுக்குற? கடைசி இலைக்குத் தாளிச்சா கொழம்பு வரல, போய்ச் சொல்லு."

தங்கை மகளுக்கு அது மனப்பாடம். பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழில், சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்கிறாளாம். தங்கையின் கணவருக்குத்தான் வருத்தம். தன் கல்யாணத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில் தெரிகிறார், அதுவும் வாய் நிறையப் பிரியாணியோடு. அடுத்த லீவில் வரும்போது கோயில் வாசலில் மாலை போட்டு நின்று ஒரு போட்டோவாவது எடுத்தாக வேண்டும் என்கிறார்.