செத்தவரைக் கூப்பிட்ட கோர்ட்

எங்கள் நிலம் போனதற்கு நீங்கள்தான் காரணம். அப்போது எங்கள் வழக்கு நடந்த கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். குரும்பலூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே துண்டு நிலம். பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி உள்ளே வந்தார். அப்பா வழக்குப் போட்டார், முடிவதற்குள் செத்துப்போனார். வாரிசுகளாக அம்மா பெயரையும் என் பெயரையும் சேர்க்கக் கோர்ட் உத்தரவு போட்டது. அதன்பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் டவாலி வாசலில் நின்று அம்மா பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அம்மா உள்ளே போவாள். வழக்கு எண்ணெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்தக் குரல்தான் தெரியும்.

பிறகு பழைய பதிவேடுகளையெல்லாம் புதுப் பதிவேடுகளுக்கு மாற்றினீர்கள். மேலதிகாரி ஆய்வுக்கு வருமுன் முடிக்கவேண்டும் என்று அவசரம். முதலில் வழக்குப் போட்டவர் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று நீங்கள் சொன்னதாக உங்கள் ஆபீஸ் ஆட்களே பின்னால் எங்களிடம் சொன்னார்கள்.

அடுத்த வாய்தா வந்தது. எங்கள் வக்கீல் வேறொரு வழக்குக்காக அரியலூர் போய்விட்டார். நாங்கள் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். டவாலி அப்பா பெயரைக் கூப்பிட்டார்.

“உங்கப்பா பேரு மாதிரி கேக்குது?” என்றாள் அம்மா. உடனே அவளே, “வேற யாராச்சும் இருக்கும். நம்மள கூப்புட்டா என் பேரத்தான கூப்புடுவாங்க” என்றாள்.

சாயங்காலம் உள்ளே வந்து உங்களிடம் கேட்டோம். யாரும் ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி என்றீர்கள்.

“செத்தவர கூப்புட்டா எப்படிங்க சார் வருவாரு?” என்றாள் அம்மா.

“மரத்தடியில தூங்கிட்டு எங்கள குத்தம் சொல்லாதம்மா.”

“அப்ப டவாலிய சுடுகாட்டுல நிக்கவச்சுல்ல கூப்புட்டிருக்கணும்?”

உங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டோம். பெயர் முறைப்படி அழைக்கப்பட்டது என்று உங்கள் ஆபீஸ் அறிக்கை கொடுத்தது. யார் பெயர் என்று அதில் இல்லை. மனுவும் தள்ளுபடி. எங்கள் மண்ணில் விளைந்த கரும்பு பக்கத்துக்காரர் வண்டியில் எறையூர் ஆலைக்குப் போனது. அம்மா சாகும்வரை அந்த வழியாக நடக்கவே இல்லை.

இப்போது ஓய்வு பெற்றவர்கள் கூட்டத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு, ஒரு வழக்கையும் விடாமல் புதுப் பதிவேட்டில் ஏற்றியதாக மைக்கில் பேசுகிறீர்கள். உண்மைதான். செத்தவரைக்கூட விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். அதே மைக்கில், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு வாசலில் யார் பெயரைக் கூப்பிடச் சொன்னீர்கள்?