அரசாங்க சபைக் கலரியில் மூன்று பேர்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்க ஒன்றிரண்டு வருஷங்கள் இருந்த காலம். யாழ்ப்பாணத்தில் புத்தூருக்கு அருகே உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. தேர்தல் அன்று சேலை மாற்றிக்கொண்டு போய் வாக்குப் போட்டுவிட்டு வருவோம். அதன் பிறகு அதைப்பற்றி யாரும் கதைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி வளர்ந்த என் சிநேகிதி ஒருத்தி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. ஊர் மருத்துவிச்சி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். காருக்கு ஆள் அனுப்பினார்கள். பக்கத்தூரில் இருந்த ஒரேயொரு வாடகைக் காரும் கலியாண வீட்டுக்குப் போயிருந்தது. கடைசியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டு, மாட்டு வண்டிலில் ஏற்றினார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அந்தக் காலத்து றோட்டில் வண்டில் போய்ச் சேர நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். காலையில் போன வண்டில் பொழுதுபட முன்னமே திரும்பி வந்தது. தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு அவளுடைய தாய் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து காய்த்துப் போன கைகள். அழவில்லை. "பிள்ளை, எங்கடை ஊரிலை பிள்ளை பெற ஒரு அறையும், படிச்ச மருத்துவிச்சி ஒருத்தியும் வேணும். அதுக்கு ஆரிட்டைக் கேக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அரசாங்க சபையில் எங்கள் பகுதிக்கு ஓர் அங்கத்தவர் இருக்கிறார், அவரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு என் வகுப்பறையில் ஊர்ப் பெண்கள் கூடினார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டி ஒரு பெட்டிசம் எழுதினேன். கையெழுத்து வைக்கத் தெரிந்தவர்கள் வைத்தார்கள், மற்றவர்கள் பெருவிரல் பதித்தார்கள். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. இன்னொன்று எழுதினோம். அதற்கும் அதே பதில்தான். பிறகு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு அங்கத்தவரே ஊருக்கு வந்தபோது மாமி முன்னால் போய் நின்று நேராகவே கேட்டார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. மாமி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், வரவு செலவு விவாதம் வரும்போது கட்டாயம் கதைப்பதாகச் சொன்னார்.

விவாதமும் வந்தது. ஒவ்வொரு நாளும் பத்திரிகையை வரிவரியாக வாசித்து மாமிக்குச் சொன்னேன். எங்கள் அங்கத்தவர் றோட்டுகளைப் பற்றிக் கதைத்திருந்தார், சுருட்டு வியாபாரத்தைப் பற்றிக் கதைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. சுகாதாரப் பகுதிக்குப் பணம் ஒதுக்கும் விவாதம் மட்டும் அடுத்த கிழமைக்கு மிஞ்சியிருந்தது.

"அங்கை போய் இருந்து பாக்கலாமோ?" என்று மாமி கேட்டார்.

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. பொதுசனங்கள் இருந்து பார்க்க மேலே ஒரு கலரி உண்டு என்று நானே ஒரு நாள் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதை நினைவில் வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை. இரண்டு பெண்கள் கொழும்புக்குப் போய்ச் சபையில் இருப்பதா, ஊர் சிரிக்கும் என்றார் ஐயா, என் தகப்பனார். அந்த நேரம் மாமியின் புருஷன் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். மகள் செத்த நாளிலிருந்து அந்த மனிதர் யாரோடும் கதைப்பதில்லை. தோட்டத்துக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நானும் துணைக்குப் போறன், அண்ணை" என்றார். ஐயா படலையைத் திறந்து, "சரி, போட்டு வாங்கோ" என்றார்.

இரவு மெயில் ரயிலில், எங்கள் பேச்சில் கோச்சியில், ஏறினோம். மாமியும் மாமாவும் கோச்சியில் போவது அதுதான் முதல் தடவை. மாமி பிட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தார். கொழும்பில், வெள்ளவத்தையில் என் சித்தப்பா எழுதுவினைஞராக இருந்தார், அவர் வீட்டில் தங்கினோம். அடுத்த நாள் பிற்பகல் காலிமுகக் கடற்கரையில் சபைக் கட்டடத்துக்குப் போனோம்.

பெரிய தூண்களும் படிகளும். எதிரே கடல். வாசலில் நின்ற சேவகர் பாஸ் கேட்டார். அங்கத்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாமல் கலரிக்குப் போக முடியாதாம். எங்கள் அங்கத்தவரின் பெயரைச் சொல்லி, ஒரு துண்டில் நாங்கள் வந்திருப்பதை எழுதி உள்ளே கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சேவகர் திரும்பி வந்தார். அங்கத்தவர் வேலையாக இருக்கிறாராம், ஊருக்கு வரும்போது சந்திப்பாராம்.

 திரும்பிப் போய்விடுவோம் என்றேன். மாமி ஒரு தூணின் நிழலில் போய் நின்றுகொண்டார். கடல் காற்றில் அவருடைய சேலை படபடவென்று அடித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வருவோர் போவோரைப் பார்த்தபடி நின்றார். மாமா அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்போது காரை விட்டு இறங்கிய ஒருவர் எங்களைக் கடந்து போய், இரண்டு படி ஏறித் திரும்பி வந்தார். வெள்ளைத் துணி உடுத்த சிங்களப் பெரியவர். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொன்னேன்.  இறந்தது யாருடைய மகள் என்று மட்டும் கேட்டார். மாமியையும் மாமாவையும் காட்டினேன். அவர் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார். பிறகு உள்ளே போய் மூன்று பாஸ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்து தந்தார். தெற்கே ஏதோ ஒரு தொகுதியின் அங்கத்தவராம் அவர்.

"முன்வரிசையில் இடது பக்கம் இருங்கள். உங்கள் அங்கத்தவர் தலையை நிமிர்த்தினால் அந்த வரிசைதான் தெரியும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "என் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள், அவர்களும் எனக்கு நேரே வந்து இருந்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 

கலரிக்குள் நுழைந்ததும் மாமா, கோயிலுக்குள் போவதுபோலத் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். பெரியவர் சொன்ன இடத்தில் இருந்தோம். கீழே அங்கத்தவர்கள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மாமியின் காதில் குனிந்து தமிழில் சொல்லத் தொடங்கியதும் காவலர் வந்து உதட்டில் விரல் வைத்தார். கலரியில் வாய் திறக்கக் கூடாதாம். அதனால் மாமிக்கும் மாமாவுக்கும் ஒன்றுமே விளங்கவில்லை. ஆனாலும் கண் எடுக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அங்கத்தவர் ஏதோ கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்தார். எங்களைக் கண்டார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி நிமிர்ந்தார். மாமி அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மனிதரால் ஒரு இடத்தில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பது மேலே இருந்த எனக்கே தெரிந்தது.

தேநீருக்குச் சபை கலைந்ததும் அவர் விறுவிறுவென்று படியேறி வந்தார்.

"ரீச்சர், என்ன இது? ஏன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். மாமிதான் பதில் சொன்னார்.

"நீங்கள் கதைக்கிறதைக் கேக்க வந்தனாங்கள், ஐயா."

"நான் இண்டைக்குக் கதைக்கிறதாய் இல்லை, அம்மா."

"அதுக்கென்ன, நாளைக்கு வாறம்."

"நாளைக்கும் நேரம் கிடைக்காட்டில்?"

"நாளையிண்டைக்கு வாறம். மாட்டைப் பக்கத்து வீட்டிலை பாக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

மாமியின் குரலில் கோபம் துளிகூட இல்லை. சந்தைக்கு எப்போது வரலாம் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அங்கத்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, சரி, அன்றைக்கு நடந்தது என்ன என்று ஒழுங்காகச் சொல்லுங்கள், இரண்டு பெட்டிசத்திலும் விபரம் இல்லையே என்றார். உண்மைதான். சட்ட நூல் மாதிரிப் பெரிய பெரிய வசனங்கள் எழுதிய நான், அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மாமி வாயைத் திறந்தார், முடியவில்லை. அப்போது மாமா கதைத்தார்.

"வண்டிலை நான்தான் ஓட்டினனான். பிள்ளை கத்திக்கொண்டே வந்தவள். கோப்பாய் தாண்டேக்கை சத்தம் நிண்டிட்டுது. நான் திரும்பிப் பாக்கேல்லை, ஐயா. பாத்தால் மாட்டை ஓட்டேலாது எண்டு தெரியும். ஆஸ்பத்திரி மட்டும் போவம் எண்டுதான் ஓட்டினனான். நல்லூரடியிலை என்ரை மனுசிதான் திருப்பச் சொன்னவள்."

மகள் செத்த பிறகு அவர் அதைப்பற்றிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. மாமியே அதை அன்றுதான் கேட்கிறார் என்பது அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. வண்டிலுக்குள் அவர் மகளைப் பிடித்துக்கொண்டு இருந்தார், முன்னால் இருந்த மனிதர் என்ன நினைத்தபடி ஓட்டினார் என்பது அவருக்குத் தெரியாது.

அங்கத்தவர் மாமாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் வந்து இருந்தார். பிறகு, "உங்கடை மகளின்ரை பேரென்ன?" என்று கேட்டார். மாமி சொன்னார்.

அடுத்த நாளும் அதே இடத்தில் போய் இருந்தோம். பாஸில் இந்தத் தடவை எங்கள் அங்கத்தவரே கையெழுத்துப் போட்டிருந்தார். மாலை ஆகிக்கொண்டிருந்த வேளை அவர் எழுந்தார். நான் எதிர்பார்த்ததுபோல அவர் சத்தம் போட்டு முழங்கவில்லை. கையில் கடதாசியும் இல்லை. மாமா சொன்னதை, மாமா சொன்ன ஒழுங்கிலேயே, ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பாயில் சத்தம் நின்றதைச் சொன்னபோது, அதுவரை குசுகுசுத்துக்கொண்டிருந்த சபை அடங்கியது. தெற்கத்திப் பெரியவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட மாமிக்கு விளங்கியிருக்காது. ஆனால் நடுவே எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. மாமி என் கையைப் பிடித்தார். அதன் பின் அவளுடைய முழுப் பெயரும் வந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில், கோட்டும் சூட்டும் போட்ட அத்தனை மனிதர்களுக்கும் கேட்கும்படி, தோட்டக்காரர் ஒருவரின் மகளுடைய பெயர். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களே என்ற பயம். மாமா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். காவலர் எங்களைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மந்திரி, விசாரித்து ஆவன செய்வதாகப் பதில் சொன்னார். எல்லாம் அன்றோடு கிடைத்துவிடவில்லை. சில மாதங்கள் கழித்துச் சைக்கிளில் ஒரு மருத்துவிச்சி வந்தாள். அறை கட்ட யுத்தம் நடுவே வந்து இன்னும் நாள் பிடித்தது. சீமெந்து இல்லை, ஓடு இல்லை என்று ஏதாவது ஒரு சாட்டு. மாதா மாதம் மாமியும் நாலைந்து பெண்களும் அங்கத்தவர் வீட்டுக்குப் போய் வந்தார்கள். கெஞ்சுவதும் இல்லை, ஏசுவதும் இல்லை. "என்ன மாதிரி, ஐயா?" என்று கேட்பார்கள். தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்ப அடுத்த மாசம் வாறம்" என்று எழும்புவார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் படலையில் தெரியும்போதே அவர் சிரித்துக்கொண்டு, அரசாங்கக் கந்தோர் அதிகாரிகள் அந்தக் கிழமை என்ன சொன்னார்கள் என்று தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

ஒருவழியாகக் கட்டி முடித்துத் திறப்பு விழா நடந்தது. மேடையில் பெரிய மனிதர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது மாமியைக் காணவில்லை. தேடிப் போனால், உள்ளே தனியே ஒவ்வொரு கட்டிலாகப் போய் மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மெத்தை, பிள்ளை" என்றார். நானும் அடுத்த கட்டிலின் மெத்தையை அமத்திப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கலியாணமாகி, என் மூத்த மகள் அந்த அறையில்தான் பிறந்தாள். வலி தொடங்கியதும் வீட்டிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். அது எவ்வளவு கிட்ட இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், அதை அவ்வளவு கிட்டக் கொண்டுவர இரண்டு பேர் கோச்சியேறிக் கொழும்பு மட்டும் போய், தங்களுக்கு விளங்காத ஒரு மொழியின் முன்னால் வாய் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது என்பதும் சேர்ந்தே என் நினைவுக்கு வருகிறது.