கேபிளைப் பிடுங்கிய பிறகு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பொய் சொல்லிப் பேர் வாங்கும் நிலையில் எங்கள் குடும்பம் இல்லை. நடந்தது பட்டப்பகலில், எங்கள் அலுவலக அறையில்.

என் தம்பி இறந்துவிட்டான். அவன் மகளுக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்து வாக்கும் கொடுத்திருந்தேன். கல்யாணம் நெருங்கிய நேரத்தில் சம்பந்தி போனில் கத்தினார்.

"உங்க தம்பி பேர்ல மெயில் வருது. பொண்ணு தர மாட்டாராம். செத்தவரை வெச்சு விளையாடறீங்களா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. எவனோ தம்பியின் மெயிலுக்குள் புகுந்து குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். தம்பி மகளைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பா மெயில் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லயே இறங்கற மாதிரி பண்ணு."

அவள் மெயில் மென்பொருளைத் திறந்தாள். முகவரியும் சர்வர் பெயரும் அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. யோசித்து ஒன்றை அடித்தாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா?"

"குத்துமதிப்பாத்தான் பெரியப்பா. முதல் தடவையே ஏத்துக்கிச்சு."

கோப்புறைகள் இறங்கின. வந்தவை, காலி. அனுப்பியவை, காலி. சம்பந்திக்குப் போன மெயில்கூட அதில் இல்லை. எழுதி அனுப்பாத வரைவுகளில் மட்டும் ஒன்று. 'அண்ணா' என்ற ஒரே சொல்.

"யாரோ இப்ப எழுதிட்டிருக்காங்க. அங்க சேவ் ஆக ஆக இங்க தெரியும்."

"எழுதட்டும் அயோக்கியப் பய. எவ்வளவு தூரம் போறான்னு பார்க்கறேன்."

டிங்.

'அண்ணா, கோபப்படாதே.'

அந்த வரி அழிந்தது... மறுபடி வந்தது. தம்பியும் இப்படித்தான், எழுதி எழுதி அழிப்பான். அதையும் நடிக்கிறான் என்று பல்லைக் கடித்தேன்.

"எவன்டா நீ?"

டிங்.

'எவ்வளவு நேரம் நிற்பாய்? உட்கார்.'

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்...

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் குனிந்து இணையக் கேபிளைப் பிடுங்கினேன். திரையின் மூலையில் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

மின்விசிறிச் சத்தம் மட்டும்.

டிங்.

'மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள். போய்க் கேள்.'

கேபிள் என் கையில் இருந்தது.

நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "மறைச்சது தப்புதான்" என்று அவர் தலை குனிந்தார்.

"ஏமாத்த எங்க வீடுதானா கிடைச்சது?" என்று வாசலில் நின்றே சம்பந்தத்தை முறித்தேன். கொடுத்த வாக்கை எங்கள் குடும்பத்தில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. நான் வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வந்து தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"அத்தான்... அந்த மெயில் கணக்கை அவர் செத்த மறு வாரமே நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மூடிட்டேனே."

தம்பி மகள் ஓடிப்போய்க் கேபிளைத் திரும்பச் செருகி, அதே முகவரியையும் அதே கடவுச்சொல்லையும் அடித்தாள்.

'இப்படி ஒரு முகவரி இல்லை' என்று வந்தது.