வேட்டியில் எழுதிய ஊர்

கிரிக்கெட் பார்க்க ஆஸ்திரேலியா போனவன் என்றால் என்னைப் பெரிய வசதிக்காரன் என்று நினைத்துவிடுகிறார்கள். சிட்னியில் வேலையிலிருந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, டிக்கெட் போட்டுக் கொடுத்தான், போனேன், அவ்வளவுதான். 2011இன் கடைசி அது. அங்கே நம் அணி வாங்கிய அடியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் அந்தப் பயணத்தை மறந்து தொலைக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முன்பு அப்பா, வடலூர்ப் பக்கத்திலிருந்த எங்கள் முந்திரித் தோப்பிலிருந்து சிதம்பரத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்து ஒரு வேட்டியைக் கொடுத்தார். அவருடைய புது வேட்டிதான். கடலூர் முதுநகரில் போர்டு எழுதுகிற ஆளைப் பிடித்து, சிவப்புப் பெயின்ட்டில் எங்கள் மாவட்டத்தின் பெயரை, ‘கடலூர்’ என்று பெரிதாக எழுதி வாங்கியிருந்தார்.

“மூஞ்சி தெரியலன்னாலும் பரவால்ல. ஊர் பேரு டிவில தெரியறாப்ல புடி” என்றார். கிரிக்கெட் ஓடினால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மெல்போர்னில் முதல் டெஸ்ட். வெட்கத்தை விட்டு, ஆட்டம் முடியும்வரை தினமும் அதைத் தூக்கிப் பிடித்தேன். தோற்றோம். போனில் அப்பாவுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. “இன்னிக்கும் காட்டல. கேமரா இருக்கற பக்கமாப் போயி நில்லுடா” என்பார்.

அடுத்து, ஊரில் ‘தானே’ புயல் அடித்தது. யாருடைய நம்பரும் போகவில்லை. பைத்தியம் பிடித்தவன் மாதிரி போனை அழுத்திக்கொண்டே இருந்தேன். சிட்னி டெஸ்டுக்கு முந்தின நாள்தான் சென்னையிலிருந்த உறவுக்காரர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. மச்சான் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

“உசுருக்கு ஒண்ணும் இல்ல மாமா. தோப்புலதான் ஒரு மரங்கூட நிக்கல. வூட்டு ஓடெல்லாம் பறந்துடுச்சாம். கரண்ட்டு எப்ப வரும்னே தெரியலியாம்.”

உடனே திரும்ப விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. “வூட்ல உக்காந்து செவுத்தப் பாத்து என்னா பண்ணப் போறீங்க?” என்று மச்சான் என்னை மைதானத்துக்கு இழுத்துப் போனான்.

வேட்டி பையில் இருந்தது. எடுத்து விரிக்கக் கை வரவில்லை. அங்கே ஊரே விழுந்து கிடக்கிறது. இங்கே நான் அதன் பெயரைத் தூக்கிப் பிடித்துக் குதிப்பதா? குதித்தாலும் கரண்ட் இல்லாத ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள்? வெயிலில் நாற்காலி சுட்டது. வேட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். எதிரணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கோர் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒருமுறை கேமரா எங்கள் வரிசைக்குத் திரும்பி, மச்சான் கையை ஆட்டுவது பெரிய திரையில் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்த டெஸ்டிலும் தோற்றோம். வீடு திரும்பியதும் அப்பாவைப் பற்றி என் மனைவி சொன்னாள்.

“மாமா இங்கதான் வந்து தங்கியிருந்தாங்க. தெனமும் விடியறதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போயிடுவாங்க. அங்க ஜெனரேட்டர்ல டிவி ஓடுச்சி. எம் புள்ள ஊர் பேரக் காட்டுவான்னு கடைல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தாங்க.”

பையைக்கூட இறக்கி வைக்காமல் தோப்புக்கு பஸ் ஏறினேன். தோப்பு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வேரோடு சாய்ந்த மரம் ஒன்றின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இங்கதான் ஒண்ணும் நிக்கல. ஊர் பேரயாச்சும் பாத்துட்டு வரலாம்னு போனேன்” என்றார்.

பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஒன் மச்சானக் காட்டுனான். கைய ஆட்டிக்கிட்டு இருந்துச்சி. பக்கத்துல ஒருத்தன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். டீக்கடைல, ஒங்க புள்ளையா அதுன்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். நீயா இருந்தா வேட்டியப் புடிச்சிருப்பியே.”

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. வேட்டி என் மடியிலிருந்த பையில்தான் இருந்தது.