வேனின் பின் பேட்டரியும் என் முழங்காலும்

நம் அன்பியத்துச் செபக்கூட்டச் சகோதர சகோதரிகளுக்கு. எனக்கு எழுந்து நின்று சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. பிலோமி விடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன்.

பிலோமி என் மனைவி. நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவளால் வெகுநேரம் இருக்க முடியாது. போன வருஷம் மதுரையில் பேத்திக்குப் புதுநன்மை, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். அதைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பஸ்ஸில் கூட்டிப்போக வழியில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், ஃபேன், சின்ன அடுப்பு எல்லாம் போட்டு ஒரு வீடு மாதிரி ஆக்கினேன். இன்ஜினுக்கென்று முன்பக்கம் ஒரு பேட்டரி. இன்வெர்ட்டர் வழியாக மெஷின் ஓடுவதற்கென்று பின்பக்கம் ஒரு பெரிய பேட்டரி. வண்டி ஓடினால் இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். பின் பேட்டரியில் பாதி சார்ஜ்தான் இருந்தது. ஓட ஓட ஏறிவிடும் என்று புறப்பட்டோம். எட்டயபுரத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லர் லாரி ரோட்டின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. பின் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்களும் அதே நெரிசலில்தான் மாட்டியிருந்தார்கள். கையில் இருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் அவர்கள் வந்து சேரும்வரை தாங்காது.

நான் சரக்குத் தோணியில் இன்ஜின் டிரைவராகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடியவன். மீட்டரை எடுத்தேன். முன் பேட்டரியில் பதினாலு வோல்ட். நல்ல சார்ஜ். பின் பேட்டரியில் பன்னிரண்டுக்கும் கீழே. ஃபியூஸ் நன்றாக இருந்தது. இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ள ரிலே போயிருக்கும் என்று அதைத் தாண்டி நேரடியாக வயர் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. பிளஸ் வயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை.

மெஷினை அணைத்து, சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கடலில்கூட அப்படிப் பயந்ததில்லை.

"ஏங்க, அந்த மீட்டரக் கீழ வைங்க. மாதாட்ட கேளுங்க. முட்டுப் போட்டுக் கேளுங்க" என்றாள்.

முட்டுவலி என்று கோவிலிலேயே நாற்காலியில் உட்கார்ந்து பூசை காண்கிறவன் நான். வேனுக்குள் முழந்தாளிட இடமில்லை. பின்கதவுக்கு வெளியே, தார் ரோட்டில் முழந்தாளிட்டேன். தெரிந்த செபம் ஒன்றும் வாயில் வரவில்லை. தாயே, இவள் எனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற உப்பு லாரியின் டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. ரோடு கொதிக்கு, முட்டி வெந்துரும்" என்று என் தோளைப் பிடித்தார்.

தலையை நிமிர்த்தினேன். கண்ணுக்கு நேரே, வேனின் தரைக்கு அடியில், பின் பேட்டரியின் மைனஸ் வயரைச் சேசிஸ் சட்டத்தில் முடுக்கியிருந்த போல்ட். பளபளவென்று நீலப் பெயின்ட்.

அதற்கு முந்தின வாரம் அதைக் கழற்றி, அடியிலும் மேலும் பெயின்ட் பூசி, மறுபடி முடுக்கியது நான்தான். இரும்பைச் சும்மா விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் பெயின்ட் அடித்தால்தான் கடற்கரைக்காரனுக்குத் தூக்கம் வரும். தோணியில் அது சரி. தோணி மரம். கரண்ட் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர். வேனிலோ திரும்பி வரும் வழியே வண்டியின் இரும்பு உடம்புதான். அந்த வழியைப் பெயின்ட் பூசி அடைத்துவிட்டு, பிளஸ் வயரில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரர் ஸ்பேனரும் உப்புத்தாளும் எடுத்து வந்தார். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, வயரை வைத்து முடுக்கினேன். மீட்டரில் வோல்ட் ஏறியது. இன்வெர்ட்டர் கத்துவதை நிறுத்தியது. மெஷினை மறுபடி போட்டோம். பிலோமியின் உதட்டில் நிறம் திரும்ப நேரம் பிடித்தது. திரும்பியதும் நான் வேன் படியில் உட்கார்ந்து அழுதேன். லாரிக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுசன்.

பேத்தி நன்மை வாங்கியதை பிலோமி முன் வரிசையில் இருந்து பார்த்தாள்.

போல்ட்டைக் கண்டுபிடித்தது உங்கள் கண், இதில் மாதா எங்கே வந்தாள் என்று என் மருமகன் கேட்டார். நின்றுகொண்டு பார்த்தால் அந்த போல்ட் தெரியாது. வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். அவர் இன்னும் வந்து பார்க்கவில்லை.

இப்போது தினமும் ராத்திரி செபமாலைக்கு முழந்தாளிடுகிறேன். முட்டு வலிக்கத்தான் செய்கிறது. உங்கள் வீட்டிலும் கைவிட்டுப்போன காரியம் ஏதாவது இருக்கும். தெரிந்த வேலையெல்லாம் செய்து பாருங்கள். செபம் வராவிட்டாலும் போய்க் கேளுங்கள். நான் அன்றைக்கு அழகாக ஒன்றும் கேட்கவில்லை. இவள் வேண்டும் என்று கேட்டேன். இதை எழுதும்போது பிலோமி பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். எழுத்து கோணலாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.