டோக்கியா பொறுக்கி வாங்கிய கதை

உக்ரேனிய வம்சத்து டோக்கியா பிதிர்னிக்கு வேகம் பிடிக்கும். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனவள் என்று கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் பக்கத்தில் சொல்வார்கள், அவளும் மறுத்ததில்லை. அறுபதைத் தாண்டியும் கம்பைன் என்ற அறுவடை இயந்திரத்தில் அவள்தான் உட்காருவாள். கணவன் பெயர் மெட்ரோ; அவன் தானிய லாரி ஓட்டுவான், அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே.

நான் பக்கத்து நிலத்துக்காரன். இங்கே கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரை அரிந்து வரிசையாகக் காயப் போடுவோம். கம்பைனுக்கு முன்னால் மாட்டும் ஒரு பாகம் காய்ந்த அரியை வாரி உள்ளே தள்ளும். அதைப் பொறுக்கி என்றுதான் சொல்ல வேண்டும். டோக்கியாவிடம் இருந்த பழசுக்கு அந்தப் பெயர் எல்லா அர்த்தத்திலும் பொருந்தியது. கொஞ்சம் விரட்டினால் அரியை எடுக்காமல் முன்னால் குவித்துத் தள்ளும். திருப்பத்தில் பாதியை விட்டுவிட்டு வரும்.

செப்டம்பரில் விற்பனைக்காரன் கெல்வின் ரைமர், ஓட்டிப் பார்த்து வாங்குங்கள் என்று இரண்டு பொறுக்கிகளைத் தன் லாரியில் கொண்டுவந்து இறக்கினான். ஒன்று பழசைப் போலவே குறுகல். மற்றது அகலம், வண்டி எவ்வளவு வேகம் போனாலும் அதன் பட்டைகள் தாமாக ஈடுகொடுத்துச் சுற்றும்.

"குறுகலே போதும். வேகமாப் போயி என்ன பண்ணப் போற?" என்றான் மெட்ரோ.

"யோவ், கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு நீ. வேகத்தப் பத்திப் பேசாத."

காலையில் குறுகலை ஓட்டினாள். பழைய கதைதான். மத்தியானம் அகலத்தை மாட்டி விரட்டினாள். பாய் சுருட்டுவதுபோல அரி எழுந்து உள்ளே போயிற்று. திருப்பத்தில் ஒரு கொத்துகூடத் தரையில் மிஞ்சவில்லை. கெல்வினே வாயைப் பிளந்தான்.

திடீரென்று கம்பைன் நின்றது. டோக்கியா மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்தாள். பாதிரியார் கேட்கக் கூடாத உக்ரேனிய வார்த்தைகள் வயலெங்கும் பறந்தன. அரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்கங்க் என்ற நாற்றப் பிராணி ஒன்று, சாகும் முன் தன் நாற்றம் முழுவதையும் பீய்ச்சிவிட்டு உள்ளே சிக்கியிருந்தது.

"பழசா இருந்தா, அது எந்திரிச்சு சோம்பல் முறிச்சு நடந்தே போயிருக்கும்," என்றான் மெட்ரோ.

"வாய மூடிட்டு உள்ள போய் எடு."

"நானா?"

"எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு. கெல்வின் வெள்ளச் சட்ட போட்டிருக்கான். வேற யாரு?"

என்னை அவள் பார்ப்பதற்குள் நான் வேலியோரம் போய்விட்டேன்.

மெட்ரோ பாதி உடம்பை உள்ளே நுழைத்தான். இருமல், ஓங்கரிப்பு, கடைசியில் ஒரு வால். அவன் வெளியே வந்தபோது கண்ணில் நீர் கொட்டியது. அதைப் பார்த்து டோக்கியாவின் குரல் இறங்கிவிட்டது.

"சரிய்யா. நீ சொன்ன குறுகலையே வாங்கிக்கலாம்."

"என்னாது? வாலப் புடிச்சு இழுத்தவன் நானு! இனிமே இது என்னோடது. கெல்வின், இத நீ திருப்பி எடுத்துட்டுப் போறதா இருந்தா, என்னையும் உன் லாரில பக்கத்துல ஏத்திக்க."

கெல்வினின் லாரி புதுசு. "நீங்களே வச்சுக்கங்கண்ணே," என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு, குறுகலை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுவடை விருந்து. நாற்றம் போக வேண்டுமென்று தக்காளிச் சாற்றில் எத்தனை முறை குளித்தும் மெட்ரோவின் மேசைக்கு யாரும் வரவில்லை. டோக்கியா காலி நாற்காலிகளைப் பார்த்தாள். தட்டு நிறைய பெரோகிக் கொழுக்கட்டையும் தொட்டுக்கொள்ளப் புளிப்புக் கிரீமுமாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாறுற," என்றாள்.

"தெரியும்."

"கிரீம் வேணுமா?"